பின்மண்டை எவ்வளவு தாங்கும்?

சென்னை, கோவை, மதுரை என்று எந்த ஊரில் முடி மாற்று சிகிச்சைக்கான விளம்பரத்தைப் பார்த்தாலும் பெரிய எழுத்தில் நிற்பது ஓர் எண்தான். 2,500 கிராஃப்ட், 3,500 கிராஃப்ட், ஒரே நாளில் 4,500 கிராஃப்ட். ‘எத்தனை கிராஃப்ட் ஆனாலும் ஒரே கட்டணம்’ என்று அறிவிக்கும் இடங்களும் உண்டு. சிகிச்சைக்குப் போகிறவரும் அந்த எண்ணை வைத்தே விலை விசாரிக்கிறார். ஓர் இடத்தில் மூவாயிரம் என்றால் அடுத்த இடத்தில் அதே பணத்துக்கு நாலாயிரம் கிடைக்குமா என்று பார்க்கிறார். எண் பெரிதானால் முடி அதிகம், முடி அதிகமானால் பலன் அதிகம் என்ற எண்ணம் யாரும் சொல்லித் தராமலே மனத்தில் படிந்துவிடுகிறது. ஆனால் இந்தக் கணக்கு தொடங்க வேண்டிய இடம் முன்நெற்றி இல்லை, பின்மண்டை. எத்தனை நடப்போகிறோம் என்று பேசும் முன், எடுக்கும் இடத்தில் எவ்வளவு இருக்கிறது, அதில் வாழ்நாள் முழுவதற்கும் எவ்வளவு எடுக்கலாம், எடுத்த பிறகு அங்கே எவ்வளவு மிஞ்சியிருக்க வேண்டும் என்ற மூன்றையும் அளந்து தாளில் எழுதியாக வேண்டும். அந்த அளவு இல்லாமல் சொல்லப்படும் எண் விலைப்பட்டியலுக்கு உதவும், சிகிச்சைக்கு உதவாது.

இந்த அறுவை சிகிச்சையில் ஒரு முடிகூடப் புதிதாக உருவாவதில்லை. பின்மண்டையிலும் காதுகளுக்கு மேலே பக்கவாட்டிலும் இருக்கும் மயிர்க்கால்களை எடுத்து, வழுக்கை விழுந்த இடத்தில் ஊன்றுகிறார்கள், அவ்வளவே. நாற்றைப் பறித்து வயலில் நடுவதோடு இதை ஒப்பிடலாம். ஆனால் நாற்றங்காலில் அடுத்த போகத்துக்கு மறுபடி விதைக்கலாம், பின்மண்டையில் பறித்த இடத்தில் மறுபடி எதுவும் முளைக்காது. சிகிச்சைக்குப் பிறகு ஒரு மாதத்தில் பின்புறம் பழையபடி மூடிக்கொள்வதைப் பார்த்து, எடுத்த முடி திரும்ப வளர்ந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் நிறைய. மழித்துவிடப்பட்டிருந்த அக்கம்பக்கத்து முடிகள் வளர்ந்து இடைவெளியை மறைக்கின்றன என்பதே உண்மை. எடுத்தது எடுத்ததுதான். பலருக்கு இது அறுவை சிகிச்சை மேசையில் படுத்த பிறகும் தெரிந்திருப்பதில்லை.

கிராஃப்ட் என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். தலைமுடி பெரும்பாலும் தனித்தனியாக முளைப்பதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, சில இடங்களில் நான்கு முடிகள் ஒரு சிறு கொத்தாக, எண்ணெய்ச் சுரப்பியும் மெல்லிய தசையும் சேர்ந்த ஒரே அமைப்பாக இருக்கின்றன. 1984-இல் ஜான் ஹெடிங்டன் என்ற அமெரிக்க மருத்துவர் தலைத்தோலைக் குறுக்குவாட்டில் வெட்டி நுண்ணோக்கியில் பார்த்து இந்த அமைப்பை விவரித்தார். இன்றைய சிகிச்சையில் ஒரு கிராஃப்ட் என்றால் இப்படியான ஒரு கொத்து. சராசரியாக அதில் இரண்டு முடிகளுக்குச் சற்று மேல் இருக்கும். சராசரி என்ற சொல்லுக்குள் எவ்வளவு பெரிய வேறுபாடு ஒளிந்திருக்கிறது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

இந்தச் சிகிச்சைக்கு அடித்தளமிட்டவர் நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக். ஜப்பானில் ஷோஜி ஒகுடா 1939-லேயே தழும்பு விழுந்த தலைகளில் முடி நட்டு எழுதியிருந்தார். போர்க்காலத்தில் அது மேற்கு நாடுகளைச் சென்றடையவில்லை. ஆண்களின் வழுக்கையில் ஓரென்ட்ரைக் 1952-இல் தொடங்கிய சோதனைகளின் முடிவு 1959-இல் வெளியானது. பின்மண்டை முடியை வழுக்கையில் நட்டால் அது பின்மண்டை முடியாகவே தொடர்ந்து வளர்கிறது என்று அவர் காட்டினார். வழுக்கைக்கு ஆளாகும் முன்தலைத் தோலை எடுத்துப் பின்புறம் வைத்தால், அங்கே போயும் அது தன் முடியை இழக்கிறது என்பதையும் சேர்த்தே காட்டினார். போகும் இடம் விதியைத் தீர்மானிப்பதில்லை, பிறந்த இடம்தான் தீர்மானிக்கிறது. விளம்பரங்கள் இதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, நட்ட முடி வாழ்நாள் முழுக்க உதிராது என்கின்றன. இரண்டாம் பாதியும் அதே அளவுக்கு உண்மை. என்றாவது உதிரப்போகும் பகுதியிலிருந்து எடுத்து நட்டால், நட்ட இடத்திலும் அது உதிரும். நல்ல இடத்திலிருந்து எடுத்த முடியிலும் ஆண்டுகள் செல்லச் செல்ல ஓரளவு குறைவு ஏற்படலாம் என்று பிற்காலத்து ஆய்வுகள் சொல்லத் தொடங்கியிருக்கின்றன.

அப்படியானால் உதிராத பகுதி எது? ஜேம்ஸ் ஹாமில்டன் 1951-இல் ஆண்களின் வழுக்கை எந்த ஒழுங்கில் பரவுகிறது என்று வகைப்படுத்தினார். ஓ’டார் நார்வுட் 1975-இல் அதைத் திருத்தி ஏழு நிலைகளாக்கினார். ஏழாம் நிலையிலும் காதுக்கு மேலிருந்து பின்புறம் சுற்றி மறுகாது வரை குதிரைலாட வடிவில் ஒரு பட்டை மிஞ்சுகிறது. அந்தப் பட்டை எவ்வளவு அகலம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஊகத்துக்கு விடாமல் அளந்தவர் டொரான்டோ மருத்துவர் வால்டர் அங்கர். 65 வயதும் அதற்கு மேலுமான 328 ஆண்களின் தலைகளை ஆராய்ந்து, 80 வயதுக்குட்பட்ட ஆண்களில் சுமார் 80 சதவீதத்தினருக்கு முடி நிலைத்து நிற்கும் என்று எதிர்பார்க்கத்தக்க பரப்பை 1994-இல் வரைந்து காட்டினார். அது ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர். விரித்த உள்ளங்கை விரல்களோடு சேர்ந்து பிடிக்கும் இடத்தைவிடக் கொஞ்சம் பெரிது. வாழ்நாள் முழுவதற்கும் நம்பி எடுக்கக்கூடிய இடம் இவ்வளவுதான். பிடரியின் கீழ் விளிம்பும் காதை ஒட்டிய பகுதியும் இதற்கு வெளியே இருக்கின்றன. சிலருக்கு வயதாகும்போது அந்த விளிம்புகள் மேல்நோக்கி மெலிந்துவருவதும் உண்டு.

இனி கணக்கைப் போடலாம். ஆரோக்கியமான பின்மண்டையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பெரும்பாலும் 65 முதல் 85 கொத்துகள் இருக்கும். 70 என்று வைத்துக்கொண்டால் 200 சதுர சென்டிமீட்டரில் 14,000 கொத்துகள். இவை அனைத்தையும் எடுக்க முடியாது. ஓர் இடத்தில் இயல்பான அடர்த்தியில் ஏறத்தாழ பாதி குறைந்த பிறகே தலைத்தோல் வெளியே தெரியத் தொடங்குகிறது என்பது முடி மருத்துவத்தில் நெடுங்காலமாகப் புழங்கும் விதி. முன்தலையில் இந்த விதி நோயாளிக்கு எதிராக வேலை செய்கிறது: அவர் கண்ணாடியில் கவனிக்கும்போதே பாதி போயிருக்கும். பின்மண்டையில் அதே விதி எல்லைக்கோடாக மாறுகிறது. பாதிக்கு மேல் எடுத்தால் பின்புறமும் வழுக்கையாகத் தெரியும். ஆகவே 14,000-இல் எல்லா அமர்வுகளையும் சேர்த்து எடுக்கக்கூடியது அதிகபட்சம் 7,000. கவனமான மருத்துவர் 5,500, 6,000-இல் நிறுத்திக்கொள்வார். இப்போது தேவையைப் பாருங்கள். வழுக்கை ஆறாம், ஏழாம் நிலைக்குப் போனவருக்கு முன்நெற்றி முதல் உச்சி வரை வெறுமையான பரப்பு 200 சதுர சென்டிமீட்டரைத் தொடும், தாண்டவும் செய்யும். அங்கே முன்பிருந்த அடர்த்தியைத் திரும்பக் கொண்டுவர 14,000 கொத்துகள் தேவை. கையில் இருப்பதோ 6,000. பரவலாக நட்டால் சதுர சென்டிமீட்டருக்கு 30. முழுத்தலைக்குப் பழைய முடியைத் தருவதாக யாராவது உறுதி சொன்னால், அந்த உறுதியை எண்கணிதமே மறுத்துவிடுகிறது.

இதுவும் சராசரி மனிதருக்கான கணக்கு. எல்லோருக்கும் 70 இருப்பதில்லை. சிலருக்கு 90 இருக்கும், சிலருக்கு 55. இருவருடைய பாதுகாப்பான பரப்பும் ஒன்றே என்று வைத்துக்கொண்டாலும் முதலாமவரிடம் 18,000 கொத்துகள், இரண்டாமவரிடம் 11,000. ‘4,500 கிராஃப்ட்’ என்ற ஒரே திட்டத்தில் இருவரும் சேர்கிறார்கள். முதலாமவரின் பின்மண்டை நான்கில் ஒரு பங்கை இழந்து 67-இல் நிற்கும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டாமவரோ ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இழந்து 32-க்கு இறங்குவார். முடியைக் குட்டையாக வெட்டினால் பின்புறம் திட்டுத்திட்டாகத் தோல் தெரியும். அவருடைய அடுத்த தேவைக்கு எடுக்கவும் அதிகம் இருக்காது. கட்டிய பணம் ஒன்று, பெற்ற கிராஃப்ட் ஒன்று; ஒருவருக்குச் சிகிச்சையாக அமைந்தது மற்றவருக்குச் சேதமாக முடிந்தது. இந்த வேறுபாட்டை முன்கூட்டிச் சொல்லக்கூடியது, தலையில் வைத்து உருப்பெருக்கிப் பார்க்கும் சிறிய கருவி ஒன்றுதான். நான்கைந்து இடங்களில் எண்ணிப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். அந்தச் சில நிமிடங்களைச் செலவிடாமல் புகைப்படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டே கிராஃப்ட் எண்ணிக்கை சொல்லும் வழக்கம் பரவியிருப்பது எனக்குக் கோபமூட்டுகிறது.

முன்பு வழக்கிலிருந்த முறைக்கு இயல்பாகவே ஒரு தடை இருந்தது. பின்மண்டையிலிருந்து தோலை ஒரு சென்டிமீட்டர் அகலப் பட்டையாக வெட்டியெடுத்து, நுண்ணோக்கியின் கீழே கொத்துகளாகப் பிரித்து நடுவார்கள். வெட்டிய இடத்தைத் தைப்பார்கள். டெக்சாஸ் மருத்துவர் பாபி லிம்மர் இந்த நுண்ணோக்கி வழியைக் கொண்டுவந்தார். தோல் எவ்வளவு நெகிழ்கிறதோ அவ்வளவுதான் வெட்ட முடியும்; மீறினால் தையல் இழுத்துத் தழும்பு விரியும். ராபர்ட் பெர்ன்ஸ்டீனும் வில்லியம் ராஸ்மனும் 2002-இல் விவரித்து எழுதிய எஃப்.யூ.இ. முறையில், ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள வட்டக் கத்தியால் கொத்துகளை ஒவ்வொன்றாகத் தோண்டியெடுக்கிறார்கள். தையல் இல்லை, நீளத் தழும்பு இல்லை, குணமாவதும் சீக்கிரம். உண்மையான முன்னேற்றம்தான். ஆனால் கையைத் தடுக்கும் தையல் போனதோடு, போதும் என்று நிறுத்தவைத்த ஒரே புறக்காரணமும் போய்விட்டது. இன்று ஒருவரின் பாதுகாப்பான பட்டைக்கு மேலும் கீழும், பிடரி வரையிலும் தோண்டிக்கொண்டே போகலாம். அன்று எந்தத் தவறும் வெளியே தெரியாது. தெரிவதற்கு மாதங்கள் ஆகும். பட்டைக்கு வெளியே எடுத்தது உதிர்ந்து தெரிவதற்கு ஆண்டுகள் ஆகும். தழும்பே இல்லாத சிகிச்சை என்ற வாக்குறுதியும் முழு உண்மை இல்லை. தோண்டிய ஒவ்வொரு இடத்திலும் வெளிறிய ஒரு புள்ளி நிற்கும். பழநிக்கோ திருப்பதிக்கோ மொட்டை போட நேர்ந்துகொள்ளும் குடும்பங்களில் இதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்: ஆயிரக்கணக்கான புள்ளிகள் அன்று வெளிச்சத்துக்கு வரும்.

கிராஃப்ட் எண்ணிக்கை ஏன் தவறான அளவுகோல் என்பதற்கு இன்னும் ஆழமான காரணம் முடியிலேயே இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது கொத்துகளின் எண்ணிக்கை அல்ல. முடி மொத்தமாகத் தோலை எவ்வளவு மறைக்கிறது என்பதே. அதற்கு இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, கொத்துக்கு எத்தனை முடி. மற்றது, ஒவ்வொரு முடியும் எவ்வளவு பருமன். பருமன் கொஞ்சம் கூடினாலும் குறுக்குப் பரப்பு அதன் வர்க்கத்துக்கேற்பக் கூடும். 60 மைக்ரான் முடியோடு ஒப்பிட்டால் 80 மைக்ரான் முடி விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு பெரிது, பரப்பிலோ 1.8 மடங்கு. இப்போது இருவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் 2,500 கிராஃப்ட். ஒருவருக்குக் கொத்துக்குச் சராசரி 2.4 முடி, பருமன் 80 மைக்ரான். மற்றவருக்கு 1.8 முடி, 60 மைக்ரான். முதலாமவர் தலைக்குப் போவது 6,000 தடித்த முடிகள். இரண்டாமவருக்கு 4,500 மெல்லிய முடிகள். பெருக்கிப் பார்த்தால் முதலாமவருக்குக் கிடைத்த முடிப்பொருள் இரண்டாமவருக்குக் கிடைத்ததைப்போல 2.4 மடங்கு. ரசீதில் மட்டும் இருவருக்கும் ஒரே எண். சுருள்முடி இருந்தால் இன்னும் சாதகம். முடியின் நிறமும் தோலின் நிறமும் நெருங்கியிருந்தாலும் சாதகம். மாநிறத் தோலில் கருமுடி மெலிந்திருப்பது, வெளுத்த தோலில் தெரியும் அளவுக்குப் பளிச்சென்று தெரிவதில்லை. இந்த வகையில் நம் ஊர்த் தலைகளுக்கு இயற்கை கொஞ்சம் உதவுகிறது.

எண்ணை நம்பி விலை வைக்கும்போது எண்ணையே பெருக்கும் வழிகளும் திறந்துவிடுகின்றன. மூன்று முடியுள்ள ஒரு கொத்தை நுண்ணோக்கியின் கீழே மூன்று ஒற்றை முடிகளாகப் பிரித்தால் ஒரு கிராஃப்ட் மூன்றாகிவிடும். முன்நெற்றிக் கோட்டில் இயல்பாகத் தெரிவதற்கு ஒற்றை முடிகள் தேவைதான். அங்கே அப்படிப் பிரிப்பதில் நியாயம் உண்டு. தலை முழுக்க அப்படிச் செய்தால் முடி கூடாது, கட்டணம் மட்டுமே கூடும். தோண்டும்போது வேர் அறுபட்டுப் போனவையும் எண்ணிக்கையில் சேர்கின்றனவா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 3,000 முறை தோண்டியதில் பத்து சதவீதம் அறுபட்டால் 300 கொத்துகள் பின்புறத்திலும் இல்லை, முன்புறத்திலும் இல்லை. கை வேகமாக ஓட வேண்டிய பெரிய அமர்வுகளில் இந்தச் சேதம் கூடுவதற்கே வாய்ப்பு அதிகம். உடலுக்கு வெளியே காத்திருக்கும் நேரம் நீள நீள, பிழைக்கும் கொத்துகளும் குறைகின்றன. எனவே மூவாயிரம் கிராஃப்ட் என்பதில் எத்தனை ஒற்றை, எத்தனை இரட்டை, எத்தனை மும்முடி, எத்தனை வீண் என்ற பிரிவு இல்லாவிட்டால் அந்த எண்ணால் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

நடும் பக்கத்தில் எவ்வளவு செலவாகிறது என்பதையும் பலர் யோசிப்பதில்லை. முன்நெற்றிக் கோட்டை ஒரே ஒரு சென்டிமீட்டர் கீழே இறக்கினால் கூடும் பரப்பு ஏறத்தாழ 15 சதுர சென்டிமீட்டர். அங்கே சதுர சென்டிமீட்டருக்கு 40 கொத்துகள் என்றால் 600 கிராஃப்ட். பள்ளிக்கூடப் படத்தில் இருக்கும் நெற்றி வேண்டும் என்று கேட்கும் இளைஞர், வாழ்நாள் கையிருப்பில் பத்தில் ஒரு பங்கை அந்த ஒரு சென்டிமீட்டருக்குக் கொடுத்துவிடுகிறார். உச்சந்தலைச் சுழி இன்னும் கடினம். முன்தலையில் முடி ஒரே திசையில் படிந்து ஒன்றின்மேல் ஒன்று விழுவதால் குறைந்த எண்ணிக்கையிலேயே நிறைவாகத் தோன்றும். சுழியில் முடிகள் நடுவிலிருந்து நாலாபுறமும் விலகிச் சாய்கின்றன, ஒன்றையொன்று மறைப்பதில்லை. அங்கே எவ்வளவு நட்டாலும் போதாமல் தோன்றும். அதைச் சுற்றி வழுக்கை வட்டம் ஆண்டுதோறும் விரிந்துகொண்டும் இருக்கும். முகத்துக்குச் சட்டம் போடுவது முன்தலைதான் என்பதால், கையிருப்பு குறைந்தவரிடம் சுழியைத் தொட வேண்டாம் என்று சொல்லும் மருத்துவர் அவருக்கு நல்லது செய்கிறார்.

இதற்கெல்லாம் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஐம்பது வயதில் எப்படி இருப்பேன் என்பதற்காக இருபத்தைந்தில் நான் ஏன் கூச வேண்டும்? வேலை தேடுவதும் பெண் பார்ப்பதும் இப்போதுதானே? இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. இளம் வயதில் முடி போவது உண்மையான துயரம். கேலி செய்யும் நண்பர் கூட்டமும், மாப்பிள்ளைக்கு முடி இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லும் உறவுகளும் அதைப் பெருக்குகிறார்கள். ஆனால் இளம் வயதில்தான் கணக்கு தவறும் வாய்ப்பும் மிக அதிகம். இருபத்திரண்டு வயதில் நெற்றியோரம் மட்டும் விலகியிருப்பவர் மூன்றாம் நிலையிலேயே நிற்பாரா, ஏழுக்குப் போவாரா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. குடும்பத்தில் அப்பா, தாத்தா, தாய்மாமன் தலைகளைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம்; அவ்வளவே. நட்ட முடி நிற்க, அதன் பின்னால் இருந்த சொந்த முடி உதிர்ந்தால், நெற்றியில் ஒரு கோடும் அதற்குப் பின்னே வெற்றிடமுமாக நிற்க நேரும். ஓரென்ட்ரைக் காலத்தில் நான்கு மில்லிமீட்டர் துண்டுகளாக நட்டுக்கொண்டவர்களில் பலர் பிற்காலத்தில் இந்த நிலைக்குத்தான் ஆளானார்கள். வழுக்கையாக இருப்பவர் வழுக்கையாக இருக்கலாம், மொட்டையடித்துக்கொள்ளலாம். இவர்களால் இரண்டும் முடியாது. ஆகவே இளைஞருக்குச் சிகிச்சையே கூடாது என்பதில்லை. உயரமான, வயதுக்குத் தாங்கும் நெற்றிக் கோடு, குறைந்த எண்ணிக்கை, மருந்தோடு ஓராண்டாவது கவனித்துப் பார்த்த பிறகு முடிவு என்பதே நியாயமான வழி. இருபத்தைந்தின் தேவையையும் அது முற்றாகத் தள்ளிவிடுவதில்லை.

மருந்தைச் சொன்னதும், அதுவே போதுமே, பிறகு எதற்குப் பின்மண்டைக் கவலை என்று கேட்கலாம். 1 மில்லிகிராம் ஃபினாஸ்டரைடு மாத்திரைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1997-இல் அனுமதி தந்தது. மினாக்ஸிடில் அதற்கும் முந்தியது. இருக்கும் முடியைக் காப்பதில் இவை பலருக்கு உதவுகின்றன. ஆனால் பயன்படுத்தும்வரைதான் பலன். பக்கவிளைவுகளை மருத்துவரிடம் பேசியே தொடங்க வேண்டும். எல்லோராலும் முப்பது ஆண்டுகள் தொடர முடிவதில்லை. மருந்து நிற்கும் என்று வைத்துக்கொண்டே கையிருப்பைத் திட்டமிடுவது பாதுகாப்பு. தாடியிலிருந்தும் மார்பிலிருந்தும் எடுக்கலாமே என்பது அடுத்த கேள்வி. எடுக்கலாம், எடுக்கிறார்கள். தாடி முடி தடித்தது. பெரும்பாலும் ஒற்றையாக இருப்பது. நெற்றிக் கோட்டில் முரடாகத் தனித்துத் தெரியும். நடுவில் கலந்து நட உதவும். மார்பு முடிக்கு வளரும் காலம் குறைவு. தலைமுடி போல நீளாது. இரண்டும் துணைதான், பின்மண்டைக்கு மாற்று இல்லை. ஆய்வகத்தில் முடி வளர்க்கும் நாள் வரும் என்று சிலர் சொல்கிறார்கள். காலின் ஜஹோடாவின் குழு ஓர் ஆணின் தலையிலிருந்து எடுத்த மயிர்க்கால் உறைச் செல்களை ஒரு பெண்ணின் கையில் வைத்து அங்கே முடி முளைக்கச் செய்து 1999-இல் அதை வெளியிட்டது. வியப்பான சோதனைதான். அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு கடந்தும் அது நோயாளிக்குக் கிடைக்கும் சிகிச்சையாகவில்லை. வரக்கூடிய ஒன்றை நம்பி, இருப்பதைத் தீர்த்துவிடுவது எந்தக் குடும்பக் கணக்கிலும் ஒப்புக்கொள்ளப்படாதது.

இத்தனை விவரமும் மருத்துவருக்குத் தெரிந்தால் போதாதா, நோயாளி ஏன் எண்ண வேண்டும் என்ற மறுப்பும் வரும். நல்ல மருத்துவரிடம் போனால் அது சரி. ஆனால் கிராஃப்டுக்கு இத்தனை ரூபாய் என்று வசூலிக்கும் ஏற்பாட்டில், அதிகம் எடுப்பவருக்கே அதிக வருமானம். எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்பவர் நோயாளியை எதிர்க்கடைக்கு இழக்கிறார். ஆலோசனை சொல்பவர் பல இடங்களில் மருத்துவரே இல்லை, விற்பனைப் பணியாளர். தோண்டுபவரும் பயிற்சி பெற்ற மருத்துவர்தானா என்பது சந்தேகம். தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், யூடியூபிலோ பயிலரங்கிலோ பார்த்துக் கற்றுக்கொண்டு முடி மாற்று சிகிச்சையில் இறங்குவது போதுமான பயிற்சி ஆகாது என்று எழுத வேண்டியிருந்தது. முறையான அறுவைப் பயிற்சி பெற்ற மருத்துவர்களே செய்ய வேண்டும் என்றும் சொன்னது. 2016-இல் சென்னையில் இந்தச் சிகிச்சை செய்துகொண்ட ஓர் இளம் மருத்துவ மாணவர் உயிரிழந்தார் என்பதை நாம் மறந்துவிடலாகாது. பெரிய எண் உடலுக்கும் பெரிய சுமை. மரத்துப்போகச் செலுத்தும் லிக்னோகெய்ன் மருந்துக்கு, அட்ரினலின் சேர்த்தாலும் உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் உச்சவரம்பு. 70 கிலோ மனிதருக்கு 490 மில்லிகிராம். பின்புறமும் முன்புறமும் மணிக்கணக்கில் மரத்திருக்க வேண்டிய ‘ஒரே நாளில்’ திட்டங்களில் இந்த வரம்பை யார் எழுதிக் கணக்கு வைக்கிறார்கள் என்று கேட்பது நோயாளியின் உரிமை.

சிகிச்சைக்கு முன்பே எடுக்கும் இடத்தைப் பற்றிய ஓர் அளவுத்தாள் நோயாளியின் கைக்கு வர வேண்டும் என்பது என் வாதம். பின்மண்டையில் நான்கைந்து இடங்களில் எண்ணிய அடர்த்தி, கொத்துக்குச் சராசரி முடி, பருமன், மெலிந்துபோன முடியின் விகிதம், பாதுகாப்பான பரப்பு, வாழ்நாளில் எடுக்கத்தக்க மொத்தம் ஆகியவை அதில் இருக்கட்டும். சிகிச்சை முடிந்ததும் எடுத்தது எத்தனை, ஒற்றை இரட்டை மும்முடி எத்தனை, வீணானது எத்தனை, மிச்சம் எவ்வளவு என்பதை அதே தாளில் சேர்க்கட்டும். பத்தாண்டு கழித்து வேறொரு மருத்துவரிடம் போகும்போது அவருக்கு முதலில் தேவைப்படுவது இந்தத் தாள்தான். இன்று பெரும்பாலோரிடம் இருப்பது முன்–பின் புகைப்படங்களும் ஒரு ரசீதும் மட்டுமே. மெலிந்த முடியின் விகிதத்தை நான் வேண்டுமென்றே சேர்க்கிறேன். சிலருக்கு வழுக்கை ஒழுங்கான வடிவில் வராமல் தலை முழுக்க, பின்மண்டை உட்பட, பரவலாக மெலியும். வெறுங்கண்ணுக்குப் பின்புறம் நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். உருப்பெருக்கியில்தான் தடித்த முடிகளுக்கு நடுவே நூலாக இளைத்தவை தெரியும். ஐந்தில் ஒன்றுக்கு மேல் இளைத்திருந்தால் மருத்துவர் தயங்க வேண்டும். அப்படிப்பட்டவருக்குச் சரியான கிராஃப்ட் எண்ணிக்கை பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்தைச் சொல்ல மருத்துவருக்கு இன்றைய ஏற்பாட்டில் எந்த ஊக்கமும் இல்லை. ஆலோசனை இலவசம், அளவு இலவசம், ஊசி மட்டும் பணம் என்றிருக்கும்வரை, அரை மணி நேரம் அளந்து பார்த்து வேண்டாம் என்று அனுப்புகிறவர் தன் நேரத்தை இழக்கிறார். ஆகவே அளப்பதற்கென்று தனியே கட்டணம் வாங்கட்டும். அறுவை சிகிச்சை செய்தாலும் செய்யாவிட்டாலும் அந்தக் கட்டணம் அவருக்கு உரியதாகட்டும். கிராஃப்டுக்கு விலை என்பதை விட்டு அமர்வுக்கு விலை என்று மாறட்டும். இலவச ஆலோசனையைத் தேடிப் போகும் நாமும், அளவுத்தாள் தரும் இடத்துக்கு அந்தப் பணத்தைக் கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை. ஓர் இரத்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டி எண்களை வாங்கி வருகிறோம். வாழ்நாள் முழுக்கத் திரும்ப முளைக்காத ஒன்றைத் தோண்டுவதற்கு முன் அதன் எண்களையும் அப்படியே வாங்கிக்கொள்ளலாம்.